ஜெனோவாவின் இரண்டாவது தாவல்

என் தங்கச்சி ஜெனோவா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட மைதானத்தில் வளையப்பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே போன வளையத்தைப் பிடிக்கத் தாவி, அது விரலுக்கு எட்டாமல் போகவே, கீழே இறங்காமல் அந்தரத்தில் இருந்தபடியே காலை உதைத்து இன்னொரு தடவை தாவி அதைப் பிடித்தாள். முதல் தாவல் எல்லாரும் தாவுவதுதான். இரண்டாவது தாவலுக்குக் கீழே தரை கிடையாது, காற்று மட்டும்தான், அந்தக் காற்றில் அவள் காலடியில் முகப்பவுடர் கொட்டினது மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் புகை கிளம்பிக் கலைந்தது. விளையாட்டு டீச்சர் வாயிலிருந்து விசிலை எடுத்து, இது தப்பாட்டமா இல்லையா என்று ரூல் புத்தகத்தைப் பார்க்கணும் என்றார், பார்த்தார், அதில் ஒன்றும் போடவில்லை, அதனால் பாயிண்ட் ஜெனோவாவுக்குத்தான் என்று எழுதிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"யூனிபார்ம் கிழிஞ்சுச்சாட்டி?"

"இல்லம்மா."

"அப்பச் சரி. காலக் கழுவு."

நான் அப்போதுதான் இறால் கம்பெனியிலிருந்து வந்து, விரலிடுக்கில் போகாத நாற்றத்தை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைப் புகை என்று அவள் சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் சும்மா சொல்லவில்லை, பச்சை மிளகாயைக் கடித்து முழுங்கினது மாதிரி எரிந்தது. ஏனென்றால் அந்தப் புகை என்னுடையது.

என் பேர் கில்டா. பதினேழு வயசு. பதினொண்ணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வீட்டில் கஷ்டம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் கதை கிடையாது, படிப்பு பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். எனக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்று, அது கழுதை கேம். கப்பலில் வேலை பார்க்கும் எங்க மாமா எந்த ஊர்த் துறைமுகத்திலோ வாங்கிக் கொண்டுவந்த பழைய டிவி கேம் பெட்டி, அதோடு ஒரே ஒரு கேசட். ஏதோ ஒரு கார்ட்டூன் படத்தை வைத்துச் செய்த விளையாட்டு என்றார் மாமா, அந்தப் படத்தை எங்க ஊரில் யாரும் பார்த்ததில்லை, கேசட்டின் மேல் ஒட்டியிருந்த பேரும் பாதி கிழிந்துபோயிருந்தது. சர்க்கஸ் கூட்டம் விட்டுவிட்டுப் போன ஒரு கழுதைக்குட்டி, அந்தக் கூட்டத்தைத் தேடி இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், பட்டனை ஒரு தடவை அமுக்கினால் தாவும், அந்தரத்தில் இருக்கும்போதே இன்னொரு தடவை அமுக்கினால் காலடியில் வெள்ளைப் புகை கிளம்ப மறுபடியும் தாவும். நான் அதை முழுசாகப் பதினோரு தடவை முடித்திருக்கிறேன். ஜெனோவா இரண்டாவது லெவலைத் தாண்டினதே கிடையாது. சேற்றுக் குழியில் விழுந்து, "போக்கா, இந்தக் கழுதைக்கு அறிவே இல்ல" என்று என்னிடம் நீட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். இப்போது சொல்லுங்கள், அந்தத் தாவல் யாருக்கு வந்திருக்கணும்?

எங்க ஊருக்குத் தெரு ஒன்றே ஒன்றுதான். மேற்கே பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து, பள்ளிக்கூடம், அப்புறம் எங்க வீடு, அப்புறம் கமிட்டி மண்டபம், அப்புறம் ஐஸ் கம்பெனி, கடைசியில் கிழக்கே கடலைப் பார்த்தபடி மாதா கோயில், கோயிலுக்கு முன்னால் கொடிமரம், அதற்கப்புறம் முப்பது அடி மணல், அதற்கப்புறம் கடல். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஊர் அவளை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. கேபிள் டிவி வயர் அறுந்தால் ஜெனோவா, ஓட்டுக்கு மேலே காயப்போட்ட கருவாட்டைக் காக்கா கொத்தினால் ஜெனோவா, கல்யாண வீட்டுப் பந்தலில் சீரியல் பல்பு எரியாவிட்டால் ஜெனோவா, கிளி கூண்டை விட்டுப் பறந்து மண்டப முகட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றால் அதற்கும் ஜெனோவா. முதல் தாவல் ஒரு முழம் போகும், இரண்டாவது தாவல் எவ்வளவு வேணுமோ அவ்வளவு போகும். கரண்டு ஆபீஸ் லைன்மேன் தெரு விளக்கு பல்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார். பங்குச் சாமியாரிடம் போய் இது புதுமையா, அதாவது அற்புதமா, என்று கேட்டதற்கு, புதுமை என்றால் பிஷப்புக்கு எழுதணும், அங்கிருந்து விசாரிக்க ஆள் வரணும், அதுவரைக்கும் இதைத் திறமை என்று வைத்துக்கொள்வோம் என்றார். அவளுக்கு வீட்டுக்கு வீடு சாப்பாடு. எனக்கு ஒரு புதுப் பேர். கம்பெனியில் கூட இருந்து இறால் உரிக்கிறவர்கள், ஒரு வருஷமாக என்னைக் கில்டா என்று கூப்பிட்டவர்கள், ஒரே நாளில் "ஏ ஜெனோவா அக்கா, அந்தக் கூடையத் தள்ளு" என்றார்கள்.

நானும் தாவிப் பார்த்தேன். எத்தனை தடவை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொல்லைச் சுவரிலிருந்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேலிருந்து, அந்தரத்தில் காலை உதைத்து உதைத்து, ஒவ்வொரு தடவையும் தரைதான் வந்தது. முழங்கால் தோல் உரிந்து நொண்டிக்கொண்டு வந்தபோது ஜெனோவா மருந்து போட்டுவிட்டுச் சொன்னாள், "நீ யோசிக்கக்கா. யோசிச்சா வராது. சும்மா தாவணும்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறையணும் போல இருந்தது.

அதுவரைக்கும் அவள் தாவினதெல்லாம் பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான், அதற்கு மேற்கே போகிற வேலையும் அவளுக்கு இல்லை. கிளியைப் பிடித்துக் கொடுத்த மறுநாள் காலையில்தான் அது நடந்தது. கிளி பிடித்த கையோடு மண்டபத்துக்குக் கிழக்கே அடுத்த வீட்டில் சித்தியோடு படுத்துக்கொண்டவள், விடிந்து எழுந்து வீட்டுக்கு வந்து யூனிபார்ம் மாற்றலாம் என்று மேற்கே நடந்திருக்கிறாள், மண்டப வாசலுக்கு நேராக வந்ததும் நெற்றி எதிலோ மோதியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கையை வைத்தால் மழையில் நனைந்த கல் மாதிரிக் குளிர்ச்சியாக இருக்கிறதாம். மற்றவர்கள் எல்லாரும் அதற்குள்ளே போகிறார்கள் வருகிறார்கள், நாய் போகிறது, சைக்கிள் போகிறது, அவளுக்கு மட்டும் அங்கே சுவர். நான் போனபோது நெற்றி வீங்கி, தெருவுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எக்கா, போவ முடியலக்கா. இந்தா, இங்கன இடிக்கு."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். கழுதை கேமில் கழுதைக்குட்டி வலது பக்கம் ஓட ஓட, பின்னால் விட்ட இடமெல்லாம் திரையின் இடது ஓரத்தில் போய் முடிந்துவிடும், திரும்பி ஓடினால் அந்த ஓரத்தில் மோதி நிற்கும், பின்னால் கிடந்தது கிடந்ததுதான். வழியில் எடுக்காமல் விட்ட பாயிண்ட் மணியை எடுக்கலாம் என்று நான் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஜெனோவா ஒரு தடவைகூட திரும்பி ஓடிப் பார்த்தவள் இல்லை, முன்னால் ஓடிக் குழியில் விழுவதோடு சரி. இரண்டாவது தாவலை எந்த இடத்தில் தாவினாளோ அந்த இடத்துக்கு மேற்கே அவளுக்கு இனிமேல் ஊர் கிடையாது. தாவாமல் இருந்தால் இருக்கிற ஊராவது மிஞ்சும். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும்.

நான் சொன்னேன், "வெயில் பட்டிருக்கும். எதாவது சாப்பிடு, சரியாப் போவும்."

அவ்வளவுதான். அன்றைக்கு அதைத்தான் சொன்னேன்.

கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் லியோன் மாமா, தெருவைக் கிழக்கேயும் மேற்கேயும் பார்த்தார், தாடையைத் தடவினார். பிறகு, ஊரே அதற்காகத்தான் காத்திருந்தது மாதிரி ஒரு விஷயத்தைச் சொன்னார். பிள்ளைக்குப் போக முடியாதது எந்தப் பக்கம்? மேற்கே. போக முடிவது எந்தப் பக்கம்? கிழக்கே. கிழக்கே என்ன இருக்கிறது?

"கோயில்" என்றது கூட்டம்.

"அப்ப என்ன அர்த்தம்? மாதா பிள்ளைய கிட்ட இழுக்காவ."

இப்படி ஒரு தப்பை எங்க ஊர்க்காரர்களால்தான் செய்ய முடியும். அன்றையிலிருந்து அந்தச் சுவர் கிழக்கே நகர நகர ஊருக்குச் சந்தோஷம். ஜெனோவா ஐஸ் கம்பெனிக் கூரையில் தகரத்தைச் சரிசெய்யத் தாவினாள், இறங்கினபோது சுவர் ஐஸ் கம்பெனி வரைக்கும் வந்திருந்தது, உடனே வெடி போட்டார்கள், பேண்டு செட் கூப்பிட்டார்கள், எங்க வீட்டுச் சாமான்களை ஆளுக்கு ஒன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலை ஒட்டின ஒரு வீட்டில் குடிவைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவள் போக முடியாததால் டீச்சர்கள் முறைபோட்டு வந்து பாடம் நடத்தினார்கள். எனக்கு ஒரு டீச்சர் வீடு தேடி வந்ததில்லை. அம்மாவுக்குப் பஜாரில் தனி மரியாதை. அப்பா மட்டும் ஒரு நாள் வலையைப் பிரித்துக்கொண்டே, "கிட்ட கிட்டன்னு எதுவரைக்கும் கிட்ட?" என்று கேட்டார், என்னைத் தவிர யாருக்கும் பதில் தெரியாது, நான் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகு திருவிழா வந்தது. கொடியேற்றத்தன்று காலையில் ஊர் முழுக்கப் புதுத்துணியோடு கோயிலுக்கு முன்னால் நின்றது. கொடி ஏறாமல் எங்க ஊரில் திருவிழா தொடங்காது, கொடி பாதியில் நின்றால் அந்த வருஷம் கடலுக்குப் போகவே யோசிப்பார்கள். கொடி பாதியில் நின்றது. உச்சிக் கப்பியில் கயிறு சிக்கிக்கொண்டது, இழுத்தால் வரவும் இல்லை, விட்டால் இறங்கவும் இல்லை. கொடிமரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் லியோன் மாமா பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார், காயவில்லை, ஏறப்போன இரண்டு பேர் நீலமாகக் கீழே வந்து சேர்ந்தார்கள்.

எல்லாருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஜெனோவா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

கொடிமரம் கோயிலுக்குக் கிழக்கே நிற்கிறது. அங்கே தாவினால் கோயிலே அவளுக்கு இல்லை. வீடு இல்லை, அம்மா சமைக்கிற அடுப்பு இல்லை. முப்பது அடி மணலும் கடலும்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளே ஒரு சின்னக் குரல், தாவட்டுமே, அப்போது தெரியட்டுமே என்றது. அந்தக் குரலைக் கேட்டுப் பயந்துதான் நான் கத்தினேன், தங்கச்சி மேல் இருந்த பாசத்தில் இல்லை.

"தாவாதட்டி! தாவுன இடத்துக்கு மேக்க நீ வர முடியாது! கழுதை கேம்ல அப்படித்தான்! மாதா இழுக்கல, நீயா போற!"

கூட்டம் என்னைப் பார்த்தது. அப்புறம் சிரித்தது.

"யாரு, அக்காகாரியா?"

"பிள்ள தாவுறதப் பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சு போச்சு இவளுக்கு."

"ஏட்டி மெரிட்டா, உன் மூத்தவள உள்ள கூட்டிட்டுப் போ. நல்ல நாளும் அதுவுமா."

மெரிட்டா எங்க அம்மா. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பொறாமப்படுததுக்கும் ஒரு அளவு இருக்குட்டி" என்றாள், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். பொறாமை என்பது நிஜம்தானே, எதை மறுக்க?

ஜெனோவா என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தாவினாள். ஒரு முழம், அப்புறம் வெள்ளைப் புகை, அப்புறம் உச்சி. கயிற்றை விடுவித்தாள், கொடி விரிந்தது, மணி அடித்தது, ஊரே "மரியே வாழ்க" என்று கத்தியது, அவள் மணலில் இறங்கி, திருப்பலிப் பூசைக்கு உள்ளே போக எல்லாரோடும் சேர்ந்து கோயில் வாசலைப் பார்த்து நடந்தாள். எல்லாரும் உள்ளே போனார்கள். அவள் கொடிமரத்தடியில் நின்றாள். உள்ளங்கை இரண்டையும் காற்றில் அப்பிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

வாசற்படியில் லியோன் மாமா திரும்பிப் பார்த்தார். மாதா உள்ளே இருக்கிறாள், பிள்ளை வெளியே நிற்கிறாள். அவர் தலையில் போட்டிருந்த புதுத் துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்க ஊர் மன்னிப்புக் கேட்கிற ஊர் இல்லை. பத்து நிமிஷத்தில் பாய்மரத் துணியும் மூங்கிலும் வந்தன, மணலில் பந்தல் போட்டார்கள், கோயில் ஸ்பீக்கர் குழாயைக் கடல் பக்கம் திருப்பி வைத்தார்கள், பூசை அவளுக்குக் கேட்கட்டும் என்று.

நான் சோறு கொண்டுபோனேன். அவள் வாங்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியும்லா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"கிளி அன்னைக்கு."

அவள் மண்ணை அள்ளி என் மேல் எறிந்தாள். சோற்றிலும் விழுந்தது. நான் அந்தச் சோற்றைத் தின்றேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். பல்லில் மணல் நரநரவென்று அரைத்தது. நாலாவது நாள்தான் அவள் மறுபடி பேசினாள்.

"கடைசியில என்னக்கா வரும்? நீதான் முடிச்சிருக்கல்லா. அந்தக் கழுதை கடைசியில எங்க போவும்?"

இதையும் சொல்லாமல் இருக்கலாம் என்று தோன்றியது. சொன்னேன். கடைசி லெவல் கடல். பீப்பாய் பீப்பாயாய் மிதக்கும், ஒவ்வொன்றாகத் தாவணும். கடைசிப் பீப்பாயிலிருந்து தாவினால் கழுதைக்குட்டி கீழே வராது, திரை கறுப்பாகி யார் யாரோ பேர் எழுத்தெழுத்தாய் ஓடும், ஓடி முடிந்ததும் அது மறுபடியும் முதல் லெவலில், இடது ஓரத்தில் நிற்கும்.

"இடது ஓரம்னா?"

"பஸ் ஸ்டாண்டு."

"இங்கயும் அப்படி வருமா?"

"தெரியாது. வராமலும் போவலாம். குழியில விழுந்தா அங்க மறுபடி ஆடலாம், இங்க முடியாது."

"சாகிற வரைக்கும் முப்பது அடி மணலா?" என்றாள். அப்புறம் எழுந்துபோய் அப்பாவிடம் சொன்னாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. திருவிழா முடிந்த மறுநாள் காலையில், கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தபோது, ஊரில் இருந்த அறுபத்தோரு வள்ளத்தையும் இறக்கி, ஒன்றுக்கு ஒன்று ஒரு தாவல் தூரம் விட்டு, கரையிலிருந்து கிழக்கே கண்ணுக்கு எட்டுகிற மட்டும் ஒரே வரிசையில் நங்கூரம் போட்டார்கள். ஒவ்வொரு வள்ளத்திலும் இரண்டு பேர், ஒருவர் ஆடாமல் பிடித்துக்கொள்ள, ஒருவர் விழுந்தால் குதிக்க. கடைசி வள்ளத்தில் அப்பா. சாமியார் கரையில் நின்று கையை உயர்த்தி ஆசீர்வதித்தார், இது புதுமை என்றும் சொல்லவில்லை, திறமை என்றும் சொல்லவில்லை.

அம்மா என்னைத் தள்ளினாள். "பஸ் ஸ்டாண்டுன்னு நீதான சொன்ன. நீ போய் அங்கன நில்லு."

அதனால் அவள் தாவினதை நான் பார்க்கவில்லை. அறுபத்தோரு தாவல், அறுபத்தோரு வெள்ளைப் புகை, அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் எங்கள் ஊரில் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இல்லை, அதற்கும் எனக்குப் பொறாமை. நான் ஆளில்லாத தெரு முழுக்க நடந்து, பஸ் ஸ்டாண்டில், டீக்கடைக்கு அந்தப் பக்கம், ஊரின் இடது ஓரத்தில் போய் நின்றேன். கோயில் மணி அடித்தது. பேசிவைத்தபடி, கடைசி வள்ளத்திலிருந்து தாவியாகிவிட்டது, கீழே வரவில்லை என்று அர்த்தம்.

எழுத்தெழுத்தாய்ப் பேர் ஓட எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் முடிந்தது. ஒருவரும் வரவில்லை. டீக்கடை செல்வமேரி அக்கா பாலை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவள் வராவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான், கில்டா என்று கூப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, வரவில்லை என்று எழுத எனக்குத் தெரியாது. அந்த நினைப்பு வந்த உடனே நான் தரையில் உட்கார்ந்து, பேர் சொல்லி, வாடி வாடி வாடி என்று கத்த ஆரம்பித்தேன், தொண்டை கட்டிப்போகிற மட்டும் கத்தினேன்.

டிக்கெட் ரூம் சுவருக்குப் பின்னாலிருந்து ஜெனோவா வந்தாள். முழங்கால் வரைக்கும் ஈரம். தலையில் கொஞ்சம் பாசி.

"எதுக்குக் கத்துத? பசிக்குக்கா" என்றாள்.

செல்வமேரி அக்கா இரண்டு பன்னை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, அப்போதுதான் ஞாபகம் வந்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். நிழற்கூரையின் மேலே அவள் ஆட்டுக்குட்டி ஒன்று, எப்படி ஏறினது என்று தெரியாமல், மேலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏட்டி ஜெனோவா, வந்தது வந்துட்ட, அந்தச் சனியன ஒரு தாவு தாவி எடுத்துக் குடுத்துட்டுப் போயேன் மக்கா."

ஜெனோவாவின் முழங்கால் தானாக மடங்கியது. நான் அவள் தோளைப் பிடித்து அமுக்கினேன்.

"இங்கனயே நில்லு. எக்கா, ஏணி இருக்குல்லா?"

டீக்கடைக்குப் பின்னால் ஏணி இருந்தது. சாத்தினேன், ஏறினேன். மேலே போய் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் தெரு மொத்தமும் தெரிந்தது, பள்ளிக்கூடம், எங்க பழைய வீடு, மண்டபம், கோயில், கடலில் கலைகிற வள்ளங்கள், எங்களைப் பார்த்துப் பேண்டு செட்டோடு ஓடிவருகிற ஊர். கீழே பார்த்தேன். ஏணி வழுக்காமல் இரண்டு கையாலும் அதன் காலைப் பிடித்துக்கொண்டு, பன்னை வாயில் கவ்விக்கொண்டு, ஜெனோவா என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போய், பார்த்துவிட்டு, போன வழியே திரும்பி இறங்குகிற ஒருத்தியை அவள் பார்த்த அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எங்க வீட்டுக் கண்ணாடியில் அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

ஆட்டுக்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வேணும் என்றே மெதுவாக இறங்கினேன்.